'டி' கிரேடு வாங்கிய நதி

1995இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பாஸ்டன் நகரை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் நதிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் ஒரு கிரேடு போட்டது. கிடைத்தது 'டி'. அந்த ஆண்டு நதியின் கீழ்ப்பகுதியில் எடுத்த நீர் மாதிரிகளில் படகு விடுவதற்கான தரத்தை எட்டியவை 39 விழுக்காடு. நீந்துவதற்கான தரத்தை எட்டியவை வெறும் 19 விழுக்காடு. 2005க்குள் இந்த நதியில் மக்கள் நீந்த வேண்டும் என்று முகமை இலக்கும் வைத்தது. இலக்கு சொன்ன நாளில் முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் 2013இல் அதே நதி 'ஏ மைனஸ்' வாங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுமக்கள் நீந்தாத அந்த ஆற்றில், அவ்வாண்டு கோடையில் அனுமதியோடு பலர் இறங்கி நீந்தினார்கள்.

இடையில் பணமும் இயந்திரமும் நீதிமன்ற உத்தரவும் நிறையவே தேவைப்பட்டன. ஆனால் அந்தப் பணத்தை எந்தத் தெருவில், எந்தக் குழாயில் கொட்டுவது என்று காட்டியவை எண்கள். ஒரு நதியை எண்ணால் எப்படி மீட்க முடியும் என்பதற்கு சார்ல்ஸைப் போல் தெளிவான பாடம் அரிது.

சார்ல்ஸ் பெரிய நதி அல்ல. நீளம் சுமார் 130 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் அது இறங்கும் உயரம் ஏறத்தாழ 107 மீட்டர்தான். அதனால் மெதுவாக, வளைந்து வளைந்து ஓடுகிறது. சேர்ந்த அழுக்கைச் சட்டென்று கடலுக்குத் தள்ளிவிடும் வேகம் அதற்குக் கிடையாது. ஏறக்குறைய 800 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீர் அதில் வடிகிறது. அந்தப் பரப்பில் 35 ஊர்கள் இருக்கின்றன. எந்த ஊரில் யார் எதை ஊற்றினாலும் ஒரே நீரில் கலந்துவிடும். அப்படியிருக்க, குற்றவாளியை எப்படிப் பிரித்தறிவது?

முதல் கேள்வி, எதை அளப்பது என்பது. கழிவுநீரில் நோய் தரும் கிருமிகள் பல வகை. ஒவ்வொன்றையும் தேடுவது செலவான, கடினமான வேலை. எனவே மனிதரும் விலங்குகளும் வெளியேற்றும் மலத்தில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களைத் தேடினார்கள். முதலில் மலக் கோலிஃபார்ம் என்ற கூட்டத்தை எண்ணினார்கள். பிறகு அதைவிடத் துல்லியமான ஈ.கோலைக்கு மாறினார்கள். ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. மலையில் புகை கண்டால் நெருப்பு இருக்கிறது என்று ஊகிப்பதுபோல, ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது, மலம் இருந்தால் நோய்க்கிருமியும் இருக்கலாம் என்று ஊகிக்கிறோம்.

நீந்துவதற்கான எல்லை, 100 மில்லிலிட்டருக்கு 126 ஈ.கோலை. படகு விட 630. இந்த 126 எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் கரைகளில் குளித்தவர்களைப் பின்தொடர்ந்து, எத்தனை பேருக்கு வயிற்றுக்கோளாறு வந்தது என்று விசாரித்தார்கள். நீரில் இருந்த பாக்டீரியா எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டார்கள். ஆயிரம் பேர் குளித்தால் சுமார் எட்டுப் பேருக்கு நோய் வரக்கூடும் என்ற அளவு அப்போது ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்டது. 1986இல் வெளியான அளவுகோல் அந்த எட்டுப் பேரிலிருந்து பிறந்தது. ஆய்வுக்கூட எண்ணாகத் தோன்றும் 126க்குள் மனிதர்களின் வயிறு இருக்கிறது.

அந்த எல்லையைச் சாதாரண சராசரியோடு ஒப்பிடுவதில்லை, பெருக்குச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். மூன்று நாள் மாதிரிகளில் 10, 100, 1000 என்று வந்தால் சாதாரண சராசரி 370. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் வரும் பெருக்குச் சராசரி 100. ஆற்றில் பாக்டீரியா பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறி இறங்கும். ஒரே ஒரு பெருமழை நாள் மற்ற எல்லா நாட்களையும் மறைத்துவிடாமல் இந்தக் கணக்கு காக்கிறது.

அடுத்த கேள்வி, எங்கே அளப்பது. 1965இல் தொடங்கப்பட்ட சார்ல்ஸ் நதி நீர்ப்பிடிப்புச் சங்கம், 1995 முதல் தன்னார்வலர்களைத் திரட்டியது. மாதம் ஒருமுறை, ஒரே நாள் காலையில், நதி நெடுக 35 இடங்களில் அவர்கள் நீர் எடுத்தார்கள். ஒரே வேளையில் எடுப்பதுதான் இதன் உயிர்நாடி. மேலே ஓர் ஊரில் 80, அதற்குக் கீழே அடுத்த பாலத்தில் 2,000 என்றால், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று ஆற்றில் இறங்குகிறது. நூற்று முப்பது கிலோமீட்டர் மர்மம், இரண்டு பாலங்களுக்கு இடைப்பட்ட சிறு துண்டாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மழைக்கணக்கை வைத்தால் இன்னொரு கதவு திறக்கிறது. மழைக்குப் பிறகு மட்டும் பாக்டீரியா ஏறினால் ஒரு காரணம். மழையே இல்லாத நாட்களிலும் ஏறியிருந்தால் வேறு காரணம். மழைநீர் வடிகாலில் வறண்ட நாளில் நீர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பாக்டீரியாவோடு ஓடுகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு வீட்டின் கழிப்பறைக் குழாய் தவறுதலாக அந்த வடிகாலோடு இணைந்திருக்கிறது, அல்லது உடைந்த சாக்கடைக் குழாய் அதற்குள் கசிகிறது. பழைய நகரத்தில் இரண்டு குழாய்களும் மண்ணுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததாக இருக்க வேண்டியதில்லை.

அதைத் தேடுவது துப்பறியும் வேலை. வடிகால் வாயில் வரும் நீரில் அம்மோனியா இருக்கிறதா, சோப்பின் நுரைப்பொருள் இருக்கிறதா என்று கையடக்கக் கருவிகளால் பார்ப்பார்கள். அம்மோனியா சிறுநீரைக் காட்டும், நுரைப்பொருள் குளியலறையையும் சலவையையும் காட்டும். ஆய்வுக்கூடத்தில் காஃபீன் தென்பட்டால் சந்தேகம் உறுதியாகும். காட்டு வாத்துகள் காப்பி குடிப்பதில்லை. பிறகு மேன்ஹோல் மேன்ஹோலாகத் திறந்து மேல்நோக்கிப் போவார்கள். அறிகுறி எந்த இடத்தில் மறைகிறதோ அதற்குச் சற்றுக் கீழேதான் கசிவு. கடைசியில் சந்தேகத்துக்குரிய வீட்டுக் கழிப்பறையில் சாயம் ஊற்றி, வடிகாலில் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் அந்த ஒரு குழாயை வெட்டிச் சரியான இடத்தில் சேர்த்தால் போதும். இப்படித் தவறான இணைப்புகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன.

மழையோடு ஏறும் எண்ணுக்குப் பெரிய மருத்துவம் தேவைப்பட்டது. பாஸ்டனின் வேறு சில பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடின. கனமழையில் குழாய் நிரம்பினால், அது வீடுகளுக்குள் எதிர்த்து வராமல் இருக்க ஆற்றில் வழியும்படிதான் அதை அமைத்திருந்தார்கள். 1988 அளவில் இப்படி ஆண்டுக்குச் சுமார் 640 கோடி லிட்டர் சார்ல்ஸில் வழிந்தது. சார்ல்ஸ் போய்ச் சேரும் பாஸ்டன் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் கீழ், குழாய்களைப் பிரித்தும் கொள்ளளவைக் கூட்டியும் அதில் 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்துவிட்டார்கள்.

எண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. ஈ.கோலை மாதிரியை வளர்த்து எண்ண ஒரு நாள் ஆகும். முடிவு வரும்போது அந்த நீர் ஓடிப்போயிருக்கும். எனவே ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அளவுகளை மழை, நீரோட்டம் ஆகியவற்றோடு இணைத்து, இன்றைய நிலையை முன்கூட்டிக் கணிக்கும் கணக்கு முறையைச் சங்கம் உருவாக்கியது. படகுத்துறைகளில் நீலக்கொடி பறந்தால் படகு விடலாம். சிவப்பென்றால் பொறுக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கையில், 2006 கோடையில் நதி பச்சையாகிவிட்டது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி கீழ்ப்பகுதி முழுக்கப் பூத்தது. அது ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. கிரேடோ அப்போது 'பி'யைத் தாண்டி ஏறியிருந்தது. கிரேடு பொய் சொல்லவில்லை. பாக்டீரியாவைப் பற்றித்தான் அதனிடம் கேட்டிருந்தார்கள். பாசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இம்முறை கணக்கை நீரின் பச்சையிலிருந்தே தொடங்கினார்கள். கோடைக்காலச் சராசரியாக ஒரு லிட்டரில் பச்சையம் 10 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பாசிக்கு எவ்வளவு பாஸ்பரஸ் தீனி, அந்தத் தீனி எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனார்கள். 2007இல் வந்த விடை: கீழ்ப்பகுதிக்குச் செல்லும் பாஸ்பரஸ் 54 விழுக்காடு குறைய வேண்டும். இதில் பெரும்பங்கைச் சாலையிலும் கூரையிலும் வாகன நிறுத்தத்திலும் விழுந்து ஓடும் மழைநீர் சுமந்து வருகிறது. உரம், நாய்க்கழிவு, மண், தூசி, உதிர்ந்த இலை எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. மண்ணில் விழுந்தால் ஊறித் தங்கிவிடும் அதே பொருள், தாரில் விழுந்தால் நேரே ஆற்றுக்குப் போகிறது.

எனவே பொறுப்பு ஆற்றங்கரையைவிட்டு ஊருக்குள் ஏறியது. ஒவ்வொரு நகராட்சியும் தன் பங்குப் பாஸ்பரஸைக் குறைக்கத் திட்டம் தர வேண்டும் என்று மழைநீர் உரிமம் சொல்கிறது. தெருவைப் பெருக்கினால், இலையுதிர் காலத்தில் சருகை மழைக்கு முன் அள்ளினால், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தோட்டம் அமைத்தால், அது எத்தனை பாஸ்பரஸைத் தடுத்தது என்று கணக்கிட்டு வரவு வைக்கிறார்கள். ஆற்றைப் பார்த்தேயிராத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் காலை வேலை, நதியின் நிறத்தில் போய்ப் பதிவாகிறது.

ஆகவே ஒரு நதியைப் பற்றி யார் எந்த எண்ணைக் காட்டினாலும், அதைக் கேள்வி கேட்டு வாங்குவது நம் கடமை. எந்த இடத்தில் அளந்தது, மழை நாளா வறண்ட நாளா, எந்த ஆபத்தைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, அது ஏறினால் நாளைக் காலை யார் எந்த மேன்ஹோலைத் திறப்பார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும் ஊரில், 'டி' கிரேடுகூட மீட்சியின் தொடக்கம்.