கோழி எருவும் குச்சிக்கிழங்குத் தண்ணீரும்

நாமக்கல் பக்கம் கோழிக் கூண்டுக்கு அடியில் குனிந்தால் முதலில் கண் கரிக்கும். கோழிக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை; யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே இறங்கிவிடும். அது சிதையும்போது கிளம்பும் அம்மோனியாவின் காட்டம்தான் அது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கும் அம்மோனியா ஆகாது. மிஞ்சினால் சுணங்கிவிடும், வாயு குறையும். எரிவாயுக் கலனில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவதுபோல் கோழி எருவை ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

சேலம், ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி ஆலைகளில் தொல்லை நேர் எதிரானது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவு படிந்தபின் வெளியேறும் தண்ணீர் சீக்கிரமே புளித்து நாறும். அதில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கோழி எருவில் அது 10-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டையும் அளவாகக் கலந்தால் ஒன்றின் காரம் மற்றதன் புளிப்பைத் தணிக்கிறது. முட்டைக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன ஊர்கள் அடுத்தடுத்து அமைந்தது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

சரி, இந்தக் கலவையை ஆராய்கிறவருக்கு அரசுப் பணம் எப்போது கிடைக்கும்? அதற்கு, தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்று அளக்கும் ஓர் ஏணி உண்டு. நாசாவில் 1970-களில் பிறந்து பிறகு 9 படிகளாக வளர்ந்தது. முதல் படி வெறும் கருத்து. 4-ஆம் படியில் ஆய்வகச் சோதனை தேற வேண்டும். 9-இல் நிஜ ஆலை ஓட வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியின் கதவு 4-ஆம் படியில்தான் திறக்கிறது. அதற்குக் கீழே குடுவையோடு மல்லாடுகிறவர்களுக்கு மானியம்தான் வழி. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் ஆராய்ச்சித் திட்டத்தில் அரசு ஆய்வு நிறுவனத்துக்குச் செலவு முழுவதும் கிடைக்கலாம். தனியாருக்கு 70 சதவீதம் வரை.

ராக்கெட் பாகத்துக்கு ஏணி பொருந்தும். நுண்ணுயிரிக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். குடுவையில் பழகிய கூட்டம் பெரிய கலனுக்குப் போனதும் தீனி மாறும், சூடு மாறும், கூட்டமே மாறும். ஏறிய படியிலிருந்து இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கும். விண்ணப்பப் படிவத்தில் இறங்குவதற்குக் கட்டம் கிடையாது.

ஆலை கட்டிய பிறகு அதே அமைச்சகம் தரும் மானியத்துக்கு வேறு கணக்கு. நாமக்கல் புதுச்சத்திரத்தில் கோழி எருவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலை போன்றவற்றுக்கானது அது. முன்பு உற்பத்தி ஆலைத் திறனில் 80 சதவீதத்தைத் தொடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் திருத்திய விதிப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயக்க அனுமதி தந்ததும் வங்கி உத்தரவாதத்தின் பேரில் பாதி கிடைக்கும். மீதி 80-ஐ எட்டினால். எட்டாவிட்டால் ஓடிய அளவுக்கு. 50-க்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. நியாயமான திருத்தம்தான். உயிருள்ள கலன் எப்போதும் ஒரே சீராக ஓடாது.

கிழங்கு வரத்தோ பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். வரத்து நின்றால் கலவையின் பாதித் தீனி நின்றுவிடும். மானியம் கேட்க, ஆலை ஓடத் தொடங்கிய நாள், மானியத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. விவரம் தெரிந்தவர், ஆலைகளில் கிழங்கு குவிந்து கிடக்கும் மாதமாகப் பார்த்து அதிகாரிகளை ஆய்வுக்கு அழைப்பார்.