விளையாடுற பிள்ளை விளையாட்டைச் செய்யலாம்

பிள்ளைகள் கம்பியூட்டர் விளையாட்டிலே நேரத்தைப் போக்குறாங்க என்று பெற்றோர் எம்மிடம் குறைப்படுவதுண்டு. அந்த ஆசையையே படிப்பாக மாற்றலாம் என்று நாம் சொல்லுவோம்.

படமே இல்லாமல், எழுத்தாலேயே பலர் கூடி ஆடும் விளையாட்டு உண்டு. பெயர் 'மட்'. 1978ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ரோய் ட்ரப்ஷோ தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். நடுவிலுள்ள ஒரு கம்பியூட்டர் ஊரை வைத்திருக்கும். மற்றவர்கள் தூரத்திலிருந்து கட்டளை தட்டி அதற்குள் நடப்பார்கள்.

தொடங்குவதற்கு ஒரு கொப்பி போதும். மட்டக்களப்பு வாவியையே எடுப்போம். கோட்டை, பாலம், கல்லடி, கடற்கரை என நாலு பெட்டி கீறுங்கள். அங்கே என்ன தெரியுது, எந்தப் பக்கம் போகலாம் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதுங்கள். கல்லடியில் நின்று 'கிழக்கு' என்றால் கடற்கரை வரணும், இது கட்டளை. தோணி இருந்தால் வாவிக்குள் போ, இல்லாவிட்டால் கரையிலே நில்; இது நிபந்தனை. நிரலுக்கு அடிப்படை இவை இரண்டும்தான்.

அடுத்தது 'பைதன்' மொழி. 1991ல் வெளிவந்தது, இலவசம், பழைய கம்பியூட்டரிலும் ஓடும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். இடங்களின் விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். முதலில் ஒருவர் மட்டும் நடக்கிற ஊரைச் செய்யணும். அது சரியாக ஓடின பிறகு, பலரைச் சேர்க்க 'எவெனியா' என்ற இலவசத் தொகுப்பு உதவும்.

பிழை வரத்தான் செய்யும். அநேகமாக எந்த வரி என்று கம்பியூட்டரே காட்டும். திருத்தி மறுபடி ஓட்டணும்.

பெற்றோரே, கொப்பியில் பெட்டி கீறும் பிள்ளையை ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து, பாலத்தடியில் பாடும் மீனைப் பற்றி ஒரு வரி சொல்லிக் கொடுங்கள்.