நெல் வயலின் நீலப்பச்சைப் பாசியும் இரும்புச்சத்தும்

மொரப்பூர் வட்டாரத்தில் செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. இருந்தும், சுண்ணாம்பு கலந்த நிலங்களில் நிலக்கடலையின் இளம் இலைகள் இரும்புச்சத்து கிட்டாமல் மஞ்சளித்து வெளுக்கின்றன. மண்ணிலுள்ள இரும்பு துரு வடிவில் இருப்பதும், சுண்ணாம்பு மண்ணில் அது கரையாததுமே காரணம். இதே இடைஞ்சல் நெல் வயலில் இடப்படும் நீலப்பச்சைப் பாசிக்கும் உண்டு.

பாசி என்று பெயரே தவிர, இது ஒருவகை பாக்டீரியா. காற்றிலுள்ள தழைச்சத்தை இது நெல் வயலில் சேர்க்கிறது என்பதை, வங்காள வயல் மண்ணை ஆராய்ந்து 1939-இல் பி.கே. டே எடுத்துக்காட்டினார். இந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதியின் பெரிய புரதத்தில் மட்டும் 30 இரும்பு அணுக்கள் உள்ளன. வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கவும் இரும்பு வேண்டும்.

வயலில் நீர் கட்டினால் மண்ணுக்குள் காற்று குறைந்து, துரு கரையும் இரும்பாக மாறும். ஆனால் பாசி வளர்வதோ மேலே தேங்கிய நீரில். பாசியே வெளிவிடும் பிராணவாயு பட்டு அங்கே இரும்பு மறுபடி துருவாகிறது. இதற்கு அனபீனா வகைப் பாசி கண்டிருக்கும் வழி விந்தையானது. இரும்புப் பஞ்சம் வந்தால் 'ஸ்கைசோகினன்' என்ற பொருளைச் சுரந்து நீரில் விடுகிறது. அது இரும்பைக் கவ்விக்கொள்ள, பாசி அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே வந்த இரும்பு கட்டுக்கடங்காமல் திரிந்தால் உயிரணுவையே சிதைத்துவிடும். ஆகவே மிஞ்சியதை, குதிரில் நெல் கொட்டுவதுபோல, பாக்டீரியோபெரிட்டின் என்னும் புரதக் கூட்டில் அடைத்து வைக்கிறது. ஒரு கூட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் அடங்கும். இருப்பு தீர்ந்தால் சில புரதங்களுக்குப் பதில் இரும்பில்லாத மாற்றை வைத்துச் சமாளிக்கும், நிறம் குன்றும். ஆனால் இரும்பின்றி இயங்கும் நைட்ரஜனேஸ் கிடையாது. உழவருக்கு வரவேண்டிய தழைச்சத்து அங்கேதான் குறைகிறது.

நடவு செய்த 10-ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசி உரத்தைச் சிறிதளவு நீர் நிறுத்தித் தூவ வேண்டும். பிறகு வயல் காயக்கூடாது. காய்ந்தால் பாசியும் நிற்கும், மண்ணின் இரும்பும் துருவாகும். கிணறு வற்றும் பருவத்தில் பாசி இடுவது வீண் செலவே. மணிச்சத்துக் குறைந்த வயலிலும் பாசி படராது என்பதால் அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் அவசியம். பாசிக்கென்று அன்னபேதி வாங்கிக் கொட்ட வேண்டியதில்லை; சுண்ணாம்பு மண்ணில் அதுவும் விரைவில் துருவாகிவிடும். மஞ்சளித்த நிலக்கடலைக்கும் மண்ணில் இடுவதைவிட, லிட்டர் நீருக்கு 10 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளிப்பதே பலன் தரும்.