மரத்தைக் காக்கும் மருந்து

கரையானும் உளுப்பு வண்டும் மரத்தின் தீராப் பகைகள். கரையான் மரத்தின் செல்லுலோஸை உண்கிறது. உளுப்பு வண்டின் புழு, சாற்றுக்கட்டையிலுள்ள மாவுச்சத்தை நாடிக் குடைகிறது. தேக்கின் வைரக்கட்டை இவற்றை எதிர்த்து நிற்கும். ரப்பர், மா போன்ற மரங்களுக்கு அவ்வலிமை இல்லை.

இத்தகைய மரங்களுக்கு மேற்பூச்சு மட்டும் போதாது; மருந்து உள்ளே ஊடுருவ வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோண்டி காமேசம் 1933-இல் உருவாக்கிய ‘ஆஸ்கு’ கலவை இத்தேவையை நிறைவு செய்தது. இதிலுள்ள ஆர்சனிக் பூச்சிகளையும், தாமிரம் பூஞ்சைகளையும் அழிக்கின்றன. குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து, மழையில் கரைந்தோடாமல் தடுக்கிறது. காற்று நீக்கிய உருளையில் மரத்தை அடுக்கி, கரைசலை அழுத்தத்துடன் செலுத்துவதே முறை.

எனினும் ஆர்சனிக் மனிதருக்கும் நஞ்சே. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிற்கான மரங்களில் இவ்வகைக் கலவை பெரும்பாலும் கைவிடப்பட்டது. வீட்டினுள் இருக்கும் மரச்சாமான்களுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசல் ஏற்றது. ஆயின் அது நீரில் கரைந்து வெளியேறுமாதலின், மழைபடும் இடத்திற்கு உதவாது. ஆஸ்கு ஏற்றிய பழங்கட்டைகளை அடுப்பில் எரித்தலாகாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் கலக்கும். மருந்தைத் தேரும் முன், மரம் பயன்படவிருக்கும் இடத்தை அறிதல் இன்றியமையாதது.