மரநிழலில் சூரியப் பிம்பங்கள்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில், ஒரு நாள் முற்பகலில் உங்கள் ஊர்ப் பூங்காவில் நிதானமாக உலவி வாருங்கள். வேப்பமர நிழலில் நின்று தரையைக் கவனியுங்கள். நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக ஒளித்திட்டுகள் தெரியும். இலைகளின் இடைவெளிகளோ கோணல்மாணலானவை. பின், ஒளி வட்டமாக விழுவது ஏன்?

அவை இடைவெளிகளின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள்! ஒளி நேர்கோட்டில் செல்வதால், ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் காமிராவின் துளைபோல் செயல்படுகிறது.

ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, 2 மீட்டர் தள்டி வெள்ளைத் தாளில் பிம்பத்தை விழச் செய்யுங்கள். கதிருக்குச் செங்குத்தாகத் தாளைப் பிடித்தால் பிம்பத்தின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் இருக்கும்; அதாவது, தொலைவில் 108-இல் ஒரு பங்கு. வடிவொத்த முக்கோணங்களின்படி, சூரியனுக்கும் இதே விகிதந்தான். அதன் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கி.மீ. 108-ஆல் வகுத்துப் பாருங்கள். சூரியனின் விட்டம், சுமார் 14 லட்சம் கி.மீ., கிடைத்துவிடும்!

2031 மே 21 அன்று தேனி, மதுரைப் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் நிகழும். வானம் தெளிவாக இருந்தால், மரநிழலில் வட்டங்களுக்குப் பதில் வளையங்கள் விழும். அன்று வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை கெடுவதும் அப்போது தெரியாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையைப் பாருங்கள். கிரகணம் முழுவதும் உங்கள் காலடியில் நடக்கும்.