பால் வேண்டாம் என்கிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளில் சிலர் லீவுக்கு வரும்போது, "பால், தயிர், நெய், முட்டை எதுவும் வேண்டாம்மா" என்கிறார்கள். இதற்கு வீகன் என்று பெயர். 1944-இல் இங்கிலாந்தில் உண்டான சொல். நம்ம சைவத்தில் பால் உண்டு, இதில் அதுவும் கிடையாது. கன்றுக்குச் சேர வேண்டிய பாலை நாம் கறக்கிறோமே என்பது அவர்கள் வருத்தம்.

கறவை மாட்டுக் கடன் வாங்கி, பால் ஊற்றித் தவணை கட்டுகிற நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். "இந்தப் பால் காசுலதானே உன்னைப் படிக்க வெச்சேன்" என்று வாய் வரைக்கும் வரும். சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. "சரி, என்ன செஞ்சு தரட்டும்?" என்று கேட்டுப் பாருங்க. களி, கீரை, புளிக்குழம்பு, சுண்டல், எள்ளுருண்டை, வரக்காப்பி... நம்ம சமையலில் பாதி அப்படித்தானே இருக்கு! நெய்யை ஊற்றிவிட்டு "ஊத்தல" என்று மட்டும் சொல்லாதீங்க.

பிள்ளைகளும் விருந்து வீட்டில் முன்கூட்டியே சொல்லணும். இலை போட்ட பிறகு விவாதம் எதுக்கு? காளைக்கன்றை என்ன செய்யறீங்க என்று அவர்கள் கேட்டால், நாமும் மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுவோம்.

ஒரு விஷயம் கட்டாயம் கேளுங்க: பி12 சத்து காய்கறி, தானியத்தில் கிடைக்காது. அதற்கு மாத்திரை எடுக்கிறார்களா?