சைக்கிள் கொடுத்தால் பெண் படிப்பாளா?

பீகாரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்

உள்ளூரில் எட்டாம் வகுப்பு வரைதான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். வழியில் வயல், தோப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. வீட்டிலோ வயதுக்கு வந்த பெண்.

தகப்பனார் என்ன சொல்வார்?

"படித்தது போதும், அம்மா" என்பார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. பொழுது சாய்வதற்குள் பெண் பத்திரமாக வீடு திரும்பவேண்டுமே என்ற கவலை அவருக்கு. பீகார் மாநிலத்தில் ஏராளமான பெண்களின் படிப்பு இப்படித்தான் எட்டாம் வகுப்போடு நின்றது.

2005-ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே நிதீஷ் குமார் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஒரு திட்டம் வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய்!

சைக்கிளாகக் கொடுக்கவில்லை, பணமாகக் கொடுத்தார்கள். கடையில் சைக்கிள் வாங்கியதற்கு ரசீது காட்டவேண்டும்.

பள்ளிக்கூடங்களில் பெண்கள் கூட்டம் கூடியது. கிராமத்து ரோடுகளில் காலையிலும் மாலையிலும் பெண்கள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். திட்டம் வெற்றி என்றார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். அதே காலத்தில் பீகாரில் புதிதாக ரோடு போட்டார்கள். சட்டம் ஒழுங்கும் சீர்பட்டு வந்தது. பெண்கள் பள்ளிக்கு வந்தது சைக்கிளாலா? ரோட்டாலா? பயம் குறைந்ததாலா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருந்தால்? அரசாங்கப் பணம் கோடிக் கணக்கில் செலவாகும் விஷயம். "வெற்றி, வெற்றி" என்று சொன்னால் போதுமா?

அக்காளும் தங்கையும்

கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முயன்றார்கள். இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் இந்தியர்கள். அவர்களுடைய ஆராய்ச்சி முழுமையாக அச்சில் வந்தது 2017-ம் ஆண்டில்.

அவர்களுக்கு உதவியது ஒரு பழைய கணக்கெடுப்பு. 2007-08-ல் நாடு முழுவதும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் எடுத்தது. குடும்ப நலம் பற்றி அறிய எடுத்த கணக்கு அது, சைக்கிளுக்காக எடுத்ததல்ல. ஆனால் வீட்டில் யார் யார், என்ன வயது, பள்ளியில் படிக்கிறார்களா, ஊரிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது.

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அக்காளுக்கு வயது 17. தங்கைக்கு 14. அக்காள் ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டிய வயதில் இந்தத் திட்டம் இல்லை. தங்கைக்கு இருந்தது. இப்படி 16, 17 வயதுப் பெண்களையும் 14, 15 வயதுப் பெண்களையும் ஒப்பிட்டார்கள்.

அது மட்டும் போதாது. காலம் மாறினால் எல்லோரும்தான் கூடுதலாகப் படிப்பார்கள். ஆகவே அண்ணன் தம்பிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். பையன்களுக்கு அப்போது சைக்கிள் பணம் கிடையாது. புது ரோடுதான் காரணம் என்றால் தம்பியும் அல்லவா அதிகமாகப் பள்ளிக்குப் போயிருக்கவேண்டும்?

(பிற்பாடு பீகார் அரசாங்கம் பையன்களுக்கும் சைக்கிள் பணம் கொடுத்தது. தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது!)

அதுவும் போதவில்லை. எல்லா இடத்திலுமே பெண்கள் படிப்பு வளர்ந்து வந்த காலம் அது. எனவே பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டையும் பார்த்தார்கள். 2000-ம் ஆண்டு நவம்பர் வரை அதுவும் பீகாரோடு சேர்ந்திருந்த பகுதிதான். ஒன்பதாம் வகுப்பில் சேரும் எல்லாப் பெண்களுக்கும் சைக்கிள் என்ற திட்டம் அப்போது அங்கே இல்லை.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சியது என்ன?

சைக்கிள் திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் தொகை 32 சதவீதம் கூடியிருந்தது. 100 பெண்கள் சேர்ந்திருக்கக்கூடிய இடத்தில் 132 பெண்கள்! பையன்களுக்கும் பெண்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 40 சதவீதம் குறைந்துவிட்டது.

பணமா, சைக்கிளா?

இங்கேதான் இன்னொரு கேள்வி. 2,000 ரூபாய் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. பணத்துக்காகவே பெண்ணைப் பள்ளியில் சேர்த்திருக்கலாம் அல்லவா?

நல்ல கேள்வி. இதற்கும் கணக்கே பதில் சொன்னது. பணம்தான் காரணம் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்களும் அதிகமாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே 2,000 ரூபாய்தானே? ஆனால் கூடுதலாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் 3 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்ப் பெண்கள்!

ஆக, தடையாக இருந்தது தூரம். அதைக் குறைத்தது சைக்கிள்.

தெற்கு ஆசியாவில் பெண்கள் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்த வேறு திட்டங்களோடும் ஒப்பிட்டார்கள். செலவழித்த பணத்துக்குச் சைக்கிள்தான் அதிகப் பலன் தந்தது. ஒரே நேரத்தில் ஊர்ப் பெண்கள் பலர் சேர்ந்து சைக்கிளில் போனதால் துணை கிடைத்தது, பார்ப்பவர்களுக்கும் அது பழகிவிட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. ஒரே ஒரு பெண் போயிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்குமா?

பரீட்சையில் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பெண்கள் தொகை 18 சதவீதம் கூடியது. தேறியவர்கள் தொகை 12 சதவீதம்தான் கூடியது. சைக்கிள் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே பாடம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் அல்லவா வேண்டும்?

புதுக்கோட்டைப் பெண்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். முன்னால் பார் இருப்பதால் குழந்தையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுப்பதும் தமிழ்நாட்டில் பீகாருக்கு முன்னாலேயே, 2001-02-ல், தொடங்கிவிட்டது. முதலில் ஆதி திராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு மட்டும். பிறகு மற்றவர்களுக்கும் விரிவாயிற்று.

குலுக்கலில் சைக்கிள்

பீகார்க் கணக்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று. ஜாம்பியா நாட்டில் 2017-ல் பள்ளியிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்துப் பார்த்தார்கள். நிஷீத் பிரகாஷ் அந்தக் குழுவிலும் இருந்தார். இந்தத் தடவை அக்காள் தங்கைக் கணக்கு தேவைப்படவில்லை. யாருக்குச் சைக்கிள், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். சிபாரிசுக்கு இடமில்லை.

ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சைக்கிள் பெற்ற மாணவிகளின் பிரயாண நேரம் 35 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கு வராமல் இருப்பது 27 சதவீதம் குறைந்தது. மணி அடித்த பிறகு வந்து நிற்பது 66 சதவீதம் குறைந்துவிட்டது.

ரிப்பேர்ச் செலவைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. சில பெண்களின் வீட்டார் உதிரிப் பாகங்களுக்கென்று ஒரு சிறு தொகை கட்டவேண்டும். வேறு சிலருக்கு அதுவும் திட்டத்தின் செலவு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்!